சொட்டுவின் அம்மா சந்தைக்குப் போகவில்லை

உங்களுக்கெல்லாம் கோபம் என்று எனக்குத் தெரியும். நம் பள்ளித் தோழிகள் குழுவில் கொஞ்ச நாளாக இதே புலம்பல்தான். தலைக்குச் சாயம் அடிக்கிற வயதில், மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, சின்ன வயதில் டிவி கார்ட்டூனில் பார்த்த ஒரு நீர்நாய்க்குட்டிக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறோம். சொட்டுவைப் புதிதாக எடுத்திருக்கிறார்களாம். சிரிப்பே இல்லையாம். திரை முழுக்கச் சாம்பல் நிறமாம். குட்டி ஒரு வார்த்தை பேசாமல் ஆற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம். "நம்ம சொட்டுவக் கொன்னுட்டானுங்கடி" என்று ஒருத்தி எழுதினாள். "இப்பல்லாம் எதையும் சீரியஸா எடுத்தாதான் பெரிய ஆளுன்னு நெனப்பு" என்று இன்னொருத்தி. அதற்குக் கீழே அழுகிற பொம்மை முகங்கள் வரிசையாக.

நான் ஒன்றும் எழுதவில்லை. கட்டைவிரலால் எழுதி முடிகிற சங்கதி இல்லை இது. ஆனால் பழைய சொட்டுவின் தமிழ் ஒலி இன்று எங்கேயும் கிடையாது. அந்த டேப்புகளை எப்போதோ அழித்துவிட்டார்களாம். நம் ஞாபகத்தில் இருப்பதுதான் மிச்சம். அதனால் நானாவது சொல்லிவிட வேண்டும். சொட்டு எந்தக் காலத்திலும் சிரிப்புப் படம் இல்லை. அதைச் சிரிப்புப் படமாக மாற்றியது என் அத்தை. என் தம்பிக்காக மாற்றினாள்.

அந்த வருஷம் பங்குனியில், அறுபத்து மூவர் கூட்டம் மயிலாப்பூரை விட்டுக் கலைந்த வாரத்தில், எங்கள் அம்மா இறந்துபோனாள். மஞ்சள் காமாலை. எனக்குப் பதினொரு வயது. தம்பிக்கு ஐந்து நடந்துகொண்டிருந்தது. மந்தைவெளியில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரே காம்பவுண்டுக்குள் நாலைந்து வாடகை வீடுகள். கிணற்றடியை ஒட்டியது எங்களுடையது. அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவதற்கு முன்பே தம்பியைப் பக்கத்து வீட்டுக் காலாவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். காலா என்றால் உருதுவில் சித்தி. அவர் பெற்ற பிள்ளைகள் எப்படிக் கூப்பிட்டாலும், காம்பவுண்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் காலாதான். ஜாக்கெட் தைப்பவர். வெளியே அடிக்கிற மேளம் தம்பியின் காதில் விழக்கூடாது என்று அன்றைக்கு முழுவதும் தைக்கத் துணி எதுவும் வைக்காமல் வெறும் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாராம்.

சாயந்திரம் தம்பி வீட்டுக்கு வந்து, "அம்மா எங்க?" என்று கேட்டான்.

அப்பா குளித்த ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தார். "வேலூருக்கு வைத்தியம் பாக்கப் போயிருக்காங்கடா. நல்லானதும் வந்துடுவாங்க" என்றார்.

யாரும் யோசித்துச் செய்த முடிவு இல்லை அது. அந்த நேரத்துக்கு அவர் வாயில் வந்த பதில், அவ்வளவுதான். ஆனால் சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டிவந்தது. மாலை போட்ட அம்மாவின் படம் சுவருக்கு வராமல் பீரோவுக்குள் போனது. தம்பி மதியம் தூங்கும்போது அத்தை பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவில் ஊதுபத்தி காட்டிவிட்டு மூடுவாள். அந்த வருஷம் முழுக்க எங்கள் துணிகளில் ஊதுபத்தி வாசம் அடித்தது. பதினாறாம் நாள் காரியத்தை அடையாற்றில் பெரியப்பா வீட்டில் வைத்துக்கொண்டார்கள். தம்பி முன்னால் நான் அழக்கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டது. "அழுவணும்போல இருந்தா கிணத்தாண்ட போய் மூஞ்சி கழுவிக்கினே அழு கண்ணு, யாருக்கும் தெரியாது" என்றாள் அத்தை. பாசமாகத்தான் சொன்னாள். எனக்கு அப்போது அவள்மேல் கொலைவெறி வந்தது.

காலாவுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. ஒருநாள் வேலைக்குக் கிளம்பிய அப்பாவை வாசலில் நிறுத்தி, "அண்ணே, எங்க வீட்ல மௌத்து ஆனா புள்ளைங்களுக்குச் சொல்லிடுவோம். கபரஸ்தானுக்குக்கூடக் கூட்டிட்டுப் போய்ப் புதைக்கிறதக் காட்டுவாங்க. அதுங்க தாங்கும்ணே" என்றார். அப்பா கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "கொஞ்சம் பெரியவனாகட்டும்மா" என்றார். எவ்வளவு பெரியவன் என்று அவரும் சொல்லவில்லை, காலாவும் கேட்கவில்லை.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தாள். ஆள் வாட்டசாட்டமாக இருப்பாள், குரல் மட்டும் ஆறு வயதில் நின்றுவிட்டது. ரேடியோ நாடகங்களில் குழந்தையாகப் பேசிப் பேசி, அப்படியே டப்பிங்குக்குப் போனவள். அந்தக் காலத்துச் சினிமாவில் தொட்டில் பிள்ளை வீறிட்டால் அது எங்கள் அத்தையாக இருக்கலாம். தயிர் தொடமாட்டாள், ஐஸ் வாங்கித் தந்தால் எங்களுக்கே திருப்பித் தந்துவிடுவாள். ஒலிப்பதிவு இருக்கிற நாளில் மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டு ஊமையாக நடமாடுவாள்.

சித்திரையில் அவளுக்கு சொட்டு வந்தது. வெளிநாட்டுப் படம், குட்டிக்குக் குரல் வேண்டும். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தை ஸ்டுடியோவாக்கியிருந்தார்கள். விடுமுறை என்பதால் என்னையும் கூட்டிப்போவாள். தம்பியைக் காலாவிடம் விடுவோம். வெயிலில் நடந்துபோய் அந்தக் கதவைத் தள்ளியதும் முகத்தில் மோதுகிற குளிர் இருக்கிறதே, எனக்கு அந்தக் கோடையில் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான். சுவரெல்லாம் முட்டை அட்டைகள். தரையில் பழைய கம்பளம், மூடிவைத்த பெட்டியின் வாசனை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் அத்தை. இந்தப் பக்கம் ஒலிப்பதிவு மிஷின் போடுகிற அண்ணனும், வசனம் எழுதுகிறவரும், ஓரமாக நானும்.

வசனம் எழுதுகிறவர் ஒல்லியானவர், வாய் நிறைய வெற்றிலை. முதல் நாளே எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார். "வாய் அசையறது தெரிஞ்சா அவன் சொன்னதுதான் நாமளும் சொல்லணும். அதே நீளம், அதே மூச்சு. வாய் தெரியலன்னா, முதுகு காட்டுறான், தூரத்துல நிக்கிறான்னா, அது நம்ம இடம். நம்ம இஷ்டம்."

முதல் பகுதியைப் போட்டுக் காட்டினார்கள். வெள்ளம் வருகிறது. அம்மா நீர்நாய் குட்டியைக் கவ்விக் கரையில் போடுகிறது. பிறகு தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போகிறது. அதன் முதுகு சின்னதாகி, சின்னதாகி, இல்லாமல் போகிறது. ஒரு பேச்சு இல்லை. பாட்டுகூட இல்லை. குட்டி நமக்கு முதுகு காட்டி ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. வெகுநேரம் அதே காட்சி. நம் தோழி திட்டினாளே, பேசாமல் உட்கார்ந்திருக்கிறது என்று? பழையதிலும் அது அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அது ஆற்றோடு நடந்து, ஆமையிடம், நாரையிடம், முயலிடம், எங்கம்மாவைப் பார்த்தீங்களா என்று கேட்டுக்கொண்டே போகும். கேட்கப்படுகிற பிராணி ஒவ்வொன்றும் ஏதாவது சொல்லி மழுப்பும். படம் அதுதான்.

விளக்கைப் போட்டபோது அத்தை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "சார், இத எங்க வூட்ல ஒரு புள்ள பாக்கும்" என்றாள்.

"எல்லா வீட்டுலயும்தாம்மா பாக்கும்."

"எங்க வூட்டுப் புள்ளைக்கு அம்மா வேலூர் போயிருக்கு சார்."

அவருக்கு விஷயம் தெரியும். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, காகிதத்தை எடுத்தார். பிறகு அந்த முதுகுக்கு, அந்தத் தண்ணீரில் போகிற முதுகுக்கு, ஒரு வரி எழுதினார். அம்மாவுக்கும் அத்தைதான் பேசினாள், வேறு குரலில்: "சந்தைக்குப் போய்ட்டு வந்துடறேண்டா கண்ணு, கரையிலயே இரு, குறும்பு பண்ணாத!"

மிஷின் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். வெள்ளத்தில் ஒரு ஜீவன் அடித்துக்கொண்டு போகிறது, இங்கே சந்தைக்குப் போகிறேன் என்று கத்துகிறது. சிரிப்பு வராமல் என்ன செய்யும்? குட்டி ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்த இடம் முழுக்க அத்தை பேசித் தீர்த்தாள். "இன்னாது, இம்மா நேரம் ஆக்குது? கூட்டம் ஜாஸ்தி போல கீது. எனக்கு இன்னா வாங்கியாரும்? எறா வாங்கியாருமா? போன வாட்டி மாரி கெண்டைய வாங்கினு வந்துச்சுன்னா நா பேசவே மாட்டேன், ஆமா!" படம் நெடுக இப்படித்தான். குட்டி கலங்கி நின்ற இடத்திலெல்லாம் அத்தை வாயாடினாள். சேனலிலிருந்து பார்க்க வந்தவருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்து, தலையாட்டிவிட்டுப் போனார்.

பள்ளி திறந்ததும் சொட்டு சாயந்திரங்களில் டிவியில் ஓட ஆரம்பித்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும். "எறா வாங்கியாருமா?" என்று நாம் எத்தனை பேரைக் கேட்டிருப்போம். கணக்கு டீச்சர் வகுப்பை விட்டு வெளியே போனால்கூட, சந்தைக்குப் போய்ட்டு வந்துடறேண்டா கண்ணு என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வருமே. நீங்கள் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அது என் அத்தை என்று உங்களிடம் பீற்றிக்கொள்ள எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? சொல்லக் கூடாது என்றிருந்தாள். தம்பிக்குத் தெரிந்துவிடுமாம்.

அவனுக்கு சொட்டு நிஜம். டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கண் கொட்டமாட்டான். மற்றவர்கள் சிரிக்கிற இடத்தில் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. தலையாட்டுவான். சந்தையில் கூட்டம் என்றால், ஆமாம், கூட்டமாகத்தான் இருக்கும் என்கிற மாதிரி. அத்தை அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவன் திரும்பி, "அத்தே, வேலூர்லயும் கூட்டமா?" என்று கேட்டான். "பயங்கர கூட்டம் கண்ணு" என்றாள்.

ஐப்பசி வந்தது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. ஆனால் தீபாவளி இல்லையென்றால் ஏன் என்று தம்பி கேட்பானே. அதனால் அப்பா பட்டாசு வாங்கிவந்தார், காலாவிடம் துணி கொடுத்து அவனுக்குச் சட்டை தைக்கச் சொன்னார். செய்தி கேட்டுப் பெரியப்பா வந்து கத்திவிட்டுப் போனார். "பொண்டாட்டி செத்து வருசம் திரும்பல, உனக்குத் தீவாளி கேக்குதா?" அதைச் சின்னக் குரலில் கத்த வேண்டியிருந்தது, தம்பி உள்ளே இருந்ததால். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். என் அப்பாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த ஒரு காட்சிதான்.

சொட்டுவின் கடைசிப் பகுதியின் ஒலிப்பதிவு அதற்குச் சற்று முன்பு நடந்தது. அன்றைக்குப் பள்ளிக்கு விடுமுறை, நானும் போயிருந்தேன். கடைசியில் கிழட்டு நாரை ஒன்று சொட்டுவின் எதிரில் வந்து நிற்கிறது. திரை முழுக்க அதன் முகம். உன் அம்மா வரமாட்டாள் என்று சொல்கிறது. குட்டி அழுகிறது. பிறகு வேறொரு நீர்நாய் வந்து அதைத் தன்னோடு கூட்டிப்போகிறது.

வசனம் எழுதுகிறவர் இந்தத் தடவை மறுத்தார். "வாய் தெரியுதும்மா. இங்க நம்ம இஷ்டம் கிடையாது. ஊரெல்லாம் இத்தனை மாசமா பொய் சொல்லிட்டோம், இங்கயாவது சொல்லிடுவோம். அந்தப் புள்ளைக்கும் நல்லதுதான்."

"எனக்கு வாய் வராது சார்."

"நீ சொல்ல வேணாம். நாரைக்கு வேற ஆளு."

"குட்டி அழுவணுமே சார். அது நாந்தான அழுவணும்."

அவளை அழவைக்க அவருக்கு மனசில்லை. நாரையின் அலகுக்குள் பொருந்துகிற மாதிரி ஒரு வரி கண்டுபிடித்தார்: உங்கம்மா கிளம்பிட்டா. வந்து கூட்டிப்போகிற நீர்நாயை அம்மாவாக்கினார். குட்டியின் அழுகையை அத்தை ஆனந்த அழுகையாக அழுதாள். "வந்துட்டேண்டா கண்ணு" என்று அவளே அம்மாவாகவும் பேசினாள். நன்றாகப் பாருங்கள், அந்த இரண்டு நீர்நாய்க்கும் நிறம்கூட வேறு. நம்மில் யாருமே கவனிக்கவில்லை.

தம்பியும் கவனிக்கவில்லை. அது ஒளிபரப்பான சாயந்திரம், முடிந்ததும் எழுந்துபோய் முகம் கழுவினான். தீபாவளிக்கு வைத்திருந்த சட்டையை எடுத்துத் தானே போட்டுக்கொண்டான். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். காம்பவுண்டு கேட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"எதுக்குடா இங்க குந்திக்கினு கீற?" என்றாள் அத்தை.

"சொட்டு அம்மா வந்துட்டாங்க இல்ல? அடுத்து எங்க அம்மா."

அத்தை குடையைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள். குனிந்து, அவன் மாற்றிப் போட்டிருந்த பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். அப்பா டூட்டி முடிந்து வந்து, அவனைப் பார்த்து, விஷயம் கேட்டார். அவரும் உண்மையைச் சொல்லவில்லை. "இன்னைக்கு பஸ் இல்லையாம்டா, நாளைக்குப் பாக்கலாம்" என்று தூக்கிவந்தார். மறுநாளும் அதே சட்டையோடு போய் உட்கார்ந்தான். அதற்கு அடுத்த நாளும். தீபாவளியன்று பட்டாசைக் கேட்டிலேயே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, அம்மா வந்ததும் கொளுத்தலாம் என்றான். அவை நமுத்துப்போயின.

பிறகு ஒருநாள் அவன் கேட்டுக்குப் போகவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, சிலேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். யாராவது சொன்னார்களா, பீரோவைத் திறந்து பார்த்தானா, எங்களுக்குத் தெரியாது. காலா சத்தியமாக நான் சொல்லவில்லை என்றார். அம்மா எங்கே என்று அவன் அப்புறம் கேட்கவே இல்லை. எங்களுக்கும் நிம்மதியாகிவிட்டது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வருஷத் திவசத்துக்குப் படம் சுவருக்கு வந்தபோது ஒரு பார்வை பார்த்தான், வெளியே விளையாடப் போய்விட்டான். அத்தை கேட்டதற்குப் பதில் சொல்வான், தானாக அவளிடம் பேசமாட்டான். ஆக, அம்மா செத்துப்போய்விட்டாள் என்று அவனிடம் யாரும் எந்த நாளிலும் சொல்லவில்லை.

இப்போது அவன் சோழிங்கநல்லூரில் இருக்கிறான். மகளிடம் எதையும் மறைக்கமாட்டான். ஊசி வலிக்கும் என்றால் வலிக்கும் என்று சொல்வான். தொட்டி மீன் செத்தபோது கையில் எடுத்துக் காட்டினான். அப்பா போனபோது நான்தான் போன் செய்தேன். "நெஜமாவா?" என்றான். சொன்னேன். மறுபடியும் "நெஜமாவா?" என்றான். நேரில் வந்து கையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அழுதான்.

எதற்காக மாற்றிவிட்டார்கள் என்று கேட்கிறீர்கள். புதிதாக எடுத்தவர்கள் எதையும் மாற்றவில்லை, பழைய படத்தில் இருந்ததையே திரும்ப எடுத்திருக்கிறார்கள். குழந்தையாகப் பார்த்தபோது நம்மை எதற்காகவோ சமாதானப்படுத்துகிறார்கள் என்று நமக்கும் எங்கோ தெரிந்திருக்கும். அன்றைக்கு நாம் கேட்க வேண்டியிருந்ததை இன்றைக்குச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. நீங்கள் திட்டுங்கள், பரவாயில்லை.

போன மாதம் அதன் தமிழ் டப்பிங்குக்கு அத்தையைக் கூப்பிட்டிருந்தார்கள். குட்டிக்கு இல்லை, குட்டிக்கு இப்போது நிஜக் குழந்தையே பேசுகிறது. நாரைக்கு. பழைய சொட்டுவின் குரல் என்று சொன்னால் ஆட்கள் பார்ப்பார்களாம். அத்தைக்கு அறுபதுக்கு மேலாகிவிட்டது, அந்தக் குரலும் கரகரத்துவிட்டது. எனக்கு முழங்கால் வலி என்பதால் காருக்குத் தம்பியைக் கேட்டேன். வந்தான். தி. நகரில் ஸ்டுடியோ. வண்டியில் மூன்று பேரும் டிராபிக்கைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம்.

பொறுப்பிலிருந்தவள் முப்பது வயதுப் பெண். அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எழுதியது எழுதியபடிதான், எதையும் மாற்றக் கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். "உங்களுக்கு ஒரே சீன்தான் மேடம். உங்க பேச்சு வழக்குல எப்படி வருதோ அப்படியே சொல்லுங்க. அர்த்தம் மாறாம இருந்தா போதும்." அத்தை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள். நானும் தம்பியும் இந்தப் பக்கம், சுவரோரமாக நின்றோம்.

திரையில் நாரை குனிந்தது. அத்தை படத்தைப் பார்த்தாள்.

"உங்கம்மா வரமாட்டாடா கண்ணு. அவ செத்துட்டா. இனிமே காத்துக்கினு இருக்காத."

அலகு மூடியதும் வார்த்தையும் முடிந்திருந்தது, ஒரே தடவையில். அவ்வளவு சின்ன வரி. அதற்குப் பயந்துதான் ஒரு வருஷம் நாங்கள் பீரோவுக்குள் ஊதுபத்தி கொளுத்தினோம். அந்தப் பெண் கைதட்டினாள். "பிரமாதம் மேடம், ஓகே! வெளிய வந்துடலாம்."

அத்தை காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றப் போனாள். தம்பி சுவரை விட்டு முன்னால் நகர்ந்தான். "மேடம், இன்னொரு தடவை சொல்லச் சொல்றீங்களா?"

"ஓகே ஆயிடுச்சு சார். நல்லாவே வந்திருக்கு."

"தெரியும்" என்றான் தம்பி. "இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க, ப்ளீஸ்."

அவன் பேசியது மைக் வழியாக உள்ளேயும் கேட்டிருக்க வேண்டும். அத்தை திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக அவனைப் பார்த்து, மறுபடியும் சொன்னாள்.